சிறிய வீட்டில் எளிய யோகப் பயிற்சி: மனம் ஒன்றில் நிலைக்க எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: செம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் கணவர், மாமியார், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் ஆகியோருடன் வசிக்கிறேன். ஃபோர்ட் பகுதியில் வங்கி வேலை. வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பகலெல்லாம் வாடிக்கையாளரும் கணினித் திரையும் தொலைபேசியும் மாறி மாறி இழுத்துப் பழகிய மனம், இரவில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கங்களுக்கு மேல் நிற்க மறுக்கிறது. கண் வரிகளின் மேல் போகிறது. படித்தது உள்ளே இறங்குவதில்லை.

யோகாசனம் எனக்குப் புதிதன்று. திருமணத்துக்கு முன்பு ஓர் ஆசிரியையிடம் முறையாகக் கற்றிருக்கிறேன். சூரிய நமஸ்காரம், நின்றும் அமர்ந்தும் செய்யும் ஆசனங்கள், நாசிகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி ஆகியவை பழக்கம். காலையில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, மகன் எழுந்திருப்பதற்கு முன்பு, எனக்கென்று அரைமணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏதாவதொரு காணொளியைப் பின்பற்றுகிறேன். ஒரு நாள் முதுகுக்கான பயிற்சி, மறுநாள் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி, இன்னொரு நாள் மெழுகுவத்திச் சுடரைப் பார்க்கும் திராடகம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. உடல் இலேசாவது உண்மை. ஆனால் பயிற்சிக்கு இடையிலேயே மனம் ரயில் நேரத்துக்கும் மதிய உணவு டப்பாவுக்கும் போய்விடுகிறது.

என் கேள்விகள் இவை. மனத்தை ஒருமுகப்படுத்துவதே நோக்கமானால், பயிற்சியை எந்த அளவுக்குக் குறைக்கலாம்? ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் மூன்றும் வேண்டுமா, அல்லது அமர்ந்து தியானம் மட்டும் செய்தால் போதுமா? தினமும் அதையே செய்தால் சலிப்பு வந்து மனம் இன்னும் அலையாதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

மறுமொழி: முலுண்ட் அன்பர்

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆசனங்கள் உங்களுக்குத் தெரியும், நேரம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பயிற்சி, அதுவும் ஒரு திரையின் கட்டளைப்படி நடக்கிறது. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் மனத்துக்குத் தன்னைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை. வங்கியில் பகல் முழுவதும் எப்படி இழுபடுகிறதோ, அதே பழக்கத்தைத்தான் காலையிலும் அது திரும்பச் செய்கிறது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் இதை நேரடியாகவே பேசுகிறது. அதன் முதல் பாதத்தின், அதாவது முதல் அத்தியாயத்தின், 30ஆம் சூத்திரம் மனத்தைச் சிதறடிக்கும் தடைகள் ஒன்பதைச் சொல்கிறது. நோய், ஐயம், சோம்பல் ஆகியவற்றோடு, எட்டிய நிலையில் நிற்க முடியாமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த சூத்திரம், அந்தச் சிதறலோடு துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவை சேர்ந்தே வரும் என்கிறது. 32ஆம் சூத்திரம் இவற்றுக்கெல்லாம் மாற்றாக ஒரே தத்துவத்தைப் பயில்வதை முன்வைக்கிறது. எது அந்த ஒன்று என்பதில் உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள். நமக்கு இங்கே முக்கியம், பலவற்றைத் தொடாமல் ஒன்றில் நிற்பது என்ற அறிவுரைதான். 14ஆம் சூத்திரமும் பயிற்சி உறுதிப்படுவதற்கு நீண்ட காலம், இடைவிடாமை, சிரத்தை ஆகிய மூன்றைத்தான் கேட்கிறது. எத்தனை ஆசனம் என்ற கணக்கு அதில் இல்லை.

ஆகவே, ஒரு சிறு வரிசையை நீங்களே முடிவு செய்து எழுதி வைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு பருவம் முழுவதும் மாற்றாமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் பரிந்துரைப்பது இது: தாடாசனத்தில் நின்றுகொண்டு மூச்சோடு கைகளை உயர்த்தி இறக்குதல், பிறகு ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மூச்சோடு முதுகை வளைத்தும் குவித்தும் செய்யும் மார்ஜாரி ஆசனம், ஒரு காலை மடக்கி முன்னால் குனியும் ஜானு சிரசாசனம், சிறிது நேரம் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம், இறுதியில் அமர்ந்து மூச்சைக் கவனித்தல். இருபது நிமிடங்களில் ஆசனங்கள் முடிந்துவிடும். பத்து நிமிடம் அமர்வதற்கு மிஞ்சும்.

இதில் முதல் ஆசனத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், அதைப் பலர் வெறும் கைவீச்சு என்று நினைத்துக் கடந்துவிடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வளர்த்த மரபில், அசைவு மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது அடிப்படை. மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கிய ஒரு கணம் கழித்துத்தான் கைகள் எழ வேண்டும்; மூச்சு முழுமையடைவதற்குச் சற்று முன்பே கைகள் மேலே சென்று நின்றுவிட வேண்டும். இறக்கும்போதும் அப்படியே. செய்து பாருங்கள்: கவனம் இம்மியளவு விலகினாலும் கை முந்திக்கொள்ளும், அல்லது மூச்சு முடிந்த பிறகும் கை நகர்ந்துகொண்டிருக்கும். மனம் எப்போது போயிற்று என்பதை உடலே காட்டிக்கொடுத்துவிடும். அமர்ந்து தியானம் மட்டும் செய்பவருக்கு இந்த உதவி கிடைப்பதில்லை; அவர் பத்து நிமிடம் கனவு கண்டுவிட்டு எழுந்தாலும் அது அவருக்குத் தெரியாமலே போகலாம். ஆசனமின்றி அமர்ந்தால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு, இப்போதைக்குப் போதாது என்பதே என் விடை.

விருட்சாசனமும் அப்படித்தான். உடலின் சமநிலைக்குக் கண், உட்காது, தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. சுவரில் அசையாத ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தினால் உடல் நிற்கிறது. பார்வை அலைந்தால் கணுக்கால் ஆடத் தொடங்குகிறது. ஆகவே இதில் கண்களைத் திறந்தே வைத்திருங்கள். வீட்டில் காலண்டர் தொங்கும் சுவரைத் தவிர்த்து வெறுஞ்சுவரைப் பார்த்து நில்லுங்கள். தேதியைப் பார்த்த உடனே மனம் மாதத் தவணைக் கணக்குக்குப் போய்விடும்.

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வரும். அதற்காக வரிசையை மாற்ற வேண்டாம். அதே ஆசனத்துக்குள் கவனிக்க வேண்டியதை நுணுக்கமாக்குங்கள்: இன்று பாதத்தில் எடை எங்கே விழுகிறது என்பது, நாளை வெளிமூச்சின் முடிவு எப்படி இருக்கிறது என்பது. புதுமைக்கு ஏங்கும் மனம் உள்ளே புதியதைக் காணக் கற்றுக்கொள்வதுதான் நீங்கள் தேடும் ஒருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி: மாட்டுங்கா ஆசிரியை

மேலே எழுதியவரின் வரிசை நல்ல வரிசை. நான் பல ஆண்டுகளாக இல்லத்தரசிகளுக்கும் அலுவலகம் செல்வோருக்கும் யோகம் கற்பித்து வருபவள். மூச்சையும் அமர்வதையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

முதலில், கபாலபாதியை இந்த நோக்கத்துக்காகச் செய்ய வேண்டாம். அது சுறுசுறுப்பைத் தரும் கிரியை. உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், கருவுற்றிருத்தல் போன்ற நிலைகளில் அதைத் தவிர்க்கவே வேண்டும். படிப்பில் மனம் நிலைக்க வேண்டுமென்றால் நீண்ட வெளிமூச்சு போதும். நான்கு எண்ணும் நேரம் உள்ளிழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். ஓர் எண்ணிக்கையை ஒரு வினாடியாகக் கொண்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டும்போது அந்தத் தணியும் பகுதி நீள்கிறது, உடல் அமைதிக்குத் திரும்புகிறது. மூச்சு முட்டினால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காக எண்ணிக்கை வளைய வேண்டும். எண்ணிக்கைக்காக மூச்சை நெரிக்கக் கூடாது.

மூச்சை அடக்குவது இப்போது வேண்டாம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகம் (உள்ளிழுத்தல்) பதினாறு, கும்பகம் (அடக்குதல்) அறுபத்து நான்கு, ரேசகம் (வெளிவிடுதல்) முப்பத்திரண்டு என்று திருமூலர் அளவு சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு, வீட்டில் தனியாக அதைச் செய்து பார்த்துத் தலைசுற்றலோடு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது யோகத்தையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு, குருவின் கண்முன்னே, படிப்படியாக வருவது. நாடிசுத்தி உங்களுக்குப் பழக்கம் என்கிறீர்கள், அடக்காமல் செய்யலாம். ஒரு நாசி அடைத்திருந்தால் வலிந்து இழுக்காதீர்கள். நாசிகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறித் திறப்பதும் சற்று அடைப்பதும் இயற்கை. மழைக்காலத்து மும்பையில் சளியும் சேர்ந்துகொள்ளும். அன்று இரு நாசிகளாலும் இயல்பாக மூச்சு விட்டாலே போதும்.

திராடகத்தையும் தள்ளி வையுங்கள். பகல் முழுவதும் திரையைப் பார்த்த கண்களுக்குச் சுடரை இமைக்காமல் பார்ப்பது மேலும் களைப்பு. கண்ணழுத்த நோயோ வலிப்பு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அமர்வதைப் பற்றி. ஸ்திரமாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்று பதஞ்சலி இரண்டாம் பாதத்தின் 46ஆம் சூத்திரத்தில் சொல்கிறார். தரையில் சம்மணமிட்டால் முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் முதுகு பின்னால் கூன்போடும், சிறிது நேரத்தில் இடுப்பு வலிக்கும், பிறகு நீங்கள் கவனிப்பது வலியைத்தான். ஒரு ஜமுக்காளத்தைக் கெட்டியாக மடித்து அதன் விளிம்பில் அமர்ந்தால் இடுப்பு முன்னால் சாய்ந்து முதுகு தானே நிமிரும். அப்போதும் முழங்கால் வலித்தால் நாற்காலியில் பாதம் தரையில் படிய அமருங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

அமர்ந்த பிறகு மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். வெளிமூச்சுக்கு ஓர் எண். எண் தவறினால், அல்லது பத்தைத் தாண்டிப் பதினான்கு பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டால், மறுபடியும் ஒன்று. என் மாணவிகளில் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள். தங்களுக்குத் தியானம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மனத்தை ஓரிடத்தில் கட்டுவதைத் தாரணை என்றும், அந்தக் கவனம் அறுபடாமல் ஓடுவதைத் தியானம் என்றும் மூன்றாம் பாதம் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. நாம் செய்வது தாரணை. அதில் மனம் விலகுவதும் திரும்பக் கட்டுவதும்தான் வேலையே. கன்றுக்குட்டியைக் கயிற்றோடு பிடித்து மீண்டும் மீண்டும் முளைக்கு அழைத்து வருவது போல, அதட்டாமல் அழைத்து வாருங்கள். ஒருமுறை விலகியதை நீங்களாகவே கண்டுபிடித்துத் திரும்பினீர்கள் என்றால் ஒருமுறை பயிற்சி செய்தீர்கள் என்று பொருள்.

மறுமொழி: டோம்பிவிலி வாசகர்

பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். குறைவான ஆசனம் எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. டோம்பிவிலியிலிருந்து தினமும் கூட்ட ரயிலில் நின்றுகொண்டே போய் வரும் எனக்குத் தோளும் தொடையின் பின்புறமும் இறுகிவிடுகின்றன. இறுகிய உடலோடு மெதுவான அசைவுகளைச் செய்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. திரிகோணாசனத்திலும் வீரபத்ராசனத்திலும் சற்று நீண்ட நேரம் நிற்கும்போது, உடலின் உழைப்பே மனத்தை வேறெங்கும் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மந்தமும் சோம்பலும் உள்ளவர்களுக்கு நின்று செய்யும் வலுவான ஆசனங்கள் இரண்டையாவது வரிசையில் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

எளிய பயிற்சி என்றால் துணைப்பொருளே கூடாது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் வளர்த்த முறையில் நாற்காலி, வார், மரக்கட்டை, போர்வை எல்லாம் பயன்படுகின்றன. அவை உடல் சரியான நிலையில் நிலைத்து நிற்க உதவி, மனத்தை வலியிலிருந்து விடுவிக்கின்றன. கடையில் வாங்கி வீட்டை நிரப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய பருத்தித் துப்பட்டா வாராகும். தடித்த புத்தகங்கள் இரண்டைத் துணியில் சுற்றினால் கட்டையாகும். ஜானு சிரசாசனத்தில் கை பாதத்தை எட்டாதவர்கள் துப்பட்டாவைப் பாதத்தில் மாட்டிப் பிடித்தால் முதுகு கூனாமல் குனியலாம்.

வரிசை மாறக் கூடாது என்பதை ஏற்கிறேன். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தன் உடலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். நேரில் ஒருமுறை ஒரு நல்ல ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்ப்பதும் நன்று. சாந்தாகுரூஸில் உள்ள தி யோகா இன்ஸ்டிடியூட் 1918இல் யோகேந்திரர் தொடங்கியது; துறவிகளுக்கு மட்டும் என்றிருந்த யோகத்தைக் குடும்பத்தினரிடம் கொண்டுசெல்வதே அவருடைய நோக்கமாக இருந்தது. அரைமணி நேரத்துக்குள் அடங்கும் வீட்டுப் பயிற்சியைக் கேட்டால் அங்கே அது விந்தையான கேள்வியாக இருக்காது.

மறுமொழி: செம்பூர் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. முலுண்ட் அன்பர் சொன்ன வரிசையை எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். மார்ஜாரிக்கு முன்பாக வீரபத்ராசனம் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். கைகளை மூச்சுக்குள் அடக்கி உயர்த்துவது நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சில நிமிடங்களில் டப்பாவின் நினைவு வரவில்லை என்பது உண்மை.

இன்னும் இரண்டு ஐயங்கள். நான் அமரும் நேரத்தில்தான் மாமியார் சுப்ரபாதம் போடுகிறார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாடிக் குழாய், பால்காரர், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாமும் அதே நேரத்தில்தான். இரண்டாவது, காலையில் கிடைக்கும் அமைதியை இரவுப் படிப்பு வரை எப்படிக் கொண்டுசெல்வது?

மறுமொழி: மாட்டுங்கா ஆசிரியை

மாமியாரை நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. வீட்டில் ஒருவருடைய வழிபாடும் இன்னொருவருடைய பயிற்சியும் மோதினால் பயிற்சிதான் முதலில் நின்றுபோகும். அமர்ந்தவுடன் முதல் ஒரு நிமிடம் ஒலிகளையே கவனியுங்கள்: தொலைவில் ரயில், நடுவில் குழாய், அருகில் சுப்ரபாதம். பெயர் சொல்லி விரட்டாமல் கேட்டுவிட்டுப் பிறகு மூச்சுக்கு வாருங்கள். ஒலி அதன் பாட்டுக்கு ஓடும். ஒலி இருக்கக் கூடாது என்ற எரிச்சல்தான் கவனத்தை உடைக்கிறது; ஒலியை ஏற்றுக்கொண்டவருக்கு அது பின்னால் நகர்ந்துவிடுகிறது. சில நாட்கள் பொறுமையாக இதைச் செய்யுங்கள்.

இரவுப் படிப்புக்கு, காலையில் செய்ததன் ஒரு துண்டை அங்கேயும் வையுங்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன், அதே மடித்த ஜமுக்காளத்தில் அல்லது அதே நாற்காலியில் அமர்ந்து, நான்குக்கு ஆறாகப் பத்து மூச்சு எண்ணுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு படிக்கும்போது மனம் விலகியதைக் கண்டால் பத்தியின் தொடக்கத்துக்குப் போய் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்; ஒரு நீண்ட வெளிமூச்சை விட்டுவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடருங்கள். காலையில் எண் தவறியபோது ஒன்றுக்குத் திரும்பினீர்கள் அல்லவா, அதே செயல்தான் இது. கைபேசி அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். மணி பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: முலுண்ட் அன்பர்

ஆசிரியை அம்மா சொன்னதோடு ஒன்றே ஒன்று. தேர்வு நெருங்கும்போது காலை அரைமணியையும் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நேரம் நெருக்கினால் முழுவதையும் விடாமல், தாடாசனத்தில் கை உயர்த்துதலையும் மூச்சை எண்ணி அமர்வதையும் மட்டுமாவது செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். காய்ச்சலோ உடல்வலியோ உள்ள நாளில் ஆசனம் வேண்டாம், படுத்தபடியே மூச்சை எண்ணினாலும் இடைவிடாமை கெடாது. மகன் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அவரும் எழுந்து வந்து பக்கத்தில் நிற்க விரும்பினால் விருட்சாசனத்தைச் சேர்ந்தே செய்யலாம், ஆளுக்கொரு புள்ளியைச் சுவரில் வைத்துக்கொண்டு. வற்புறுத்தி எழுப்ப மட்டும் வேண்டாம். அந்த வயதில் தூக்கமும் படிப்புக்கு அதே அளவு தேவை.